எண்ணிப் பார்த்த வைத்தியர்: கெர்ஹார்ட் ஆர்மவர் ஹன்சன்

குஷ்டரோகம், பெருவியாதி, தொழுநோய் என்று எங்கள் மொழியில் பல பெயர்களால் அழைக்கப்பட்ட ஒரு நோய்க்கு இன்று உலக மருத்துவம் வைத்திருக்கும் மறுபெயர் ஹன்சன் நோய். நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில் பிறந்து, அங்கேயே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒரு வைத்தியரின் பெயர் அது. தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் அவரைச் சொல்லி முடித்துவிடும். ஆனால் அவர் செய்த பெரிய வேலை நுண்ணோக்கியோடு முடிந்துவிடவில்லை. ஒரு ஏழை நாடு தன் மக்களின் தோல் நோயொன்றை எண்ணி, திட்டமிட்டு, சட்டமியற்றி, இரண்டு தலைமுறைக்குள் எப்படிக் கட்டுக்குள் கொண்டுவந்தது என்ற கதையின் நடுவே நிற்பவர் அவர். அந்தக் கதையில் பெருமைப்பட நிறைய உண்டு. வெட்கப்படவும் ஒரு பகுதி உண்டு.

நோயாளர் நிறைந்த நகரம்

கெர்ஹார்ட் ஹென்ரிக் ஆர்மவர் ஹன்சன் 1841 ஜூலை 29 அன்று பிறந்தார். பதினைந்து பிள்ளைகள் கொண்ட வீட்டில் எட்டாவது பிள்ளை. தகப்பனார் வணிகர்; தொழில் நொடித்துப் போனது. பிள்ளை தன் படிப்புச் செலவைத் தானே உழைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில் மருத்துவம் படித்தபோது, பாடம் சொல்லிக்கொடுத்தே தன் செலவைச் சமாளித்தார். 1866 இல் வைத்தியராக வெளிவந்தார்.

வட நோர்வேயின் லோஃபோத்தன் தீவுகளில் குளிர்காலக் கொட் மீன்பிடிக்கு வரும் மீனவர்களுக்கு வைத்தியம் பார்த்தது அவரது ஆரம்பகால வேலைகளில் ஒன்று. ஈரம் காயாத உடுப்பு, நெருக்கியடித்துப் படுக்கும் குடிசை, ஒரே பாத்திரத்தில் சாப்பாடு: அங்கே அவர் கண்ட வாழ்க்கை இதுதான். 1868 இல் சொந்த ஊரான பேர்கனுக்குத் திரும்பி, தொழுநோய் வைத்தியசாலையில் சேர்ந்தார்.

அன்றைய நோர்வேயை இன்றைய நோர்வேயோடு வைத்துப் பார்க்கக்கூடாது. எண்ணெய் வளம் பற்றி யாரும் கனவிலும் நினைத்திராத காலம். நாட்டின் சனத்தொகை சுமார் 15 இலட்சம். 1850களின் நடுவில் அவர்களில் சுமார் 2,800 பேர் தொழுநோயாளர். ஐரோப்பாவின் ஏனைய பகுதிகளில் பெரும்பாலும் மறைந்துவிட்ட அந்த நோய், நோர்வேயின் மேற்குக் கரையோரக் கிராமங்களில் ஏழை விவசாயிகளையும் மீனவர்களையும் விடாமல் பிடித்திருந்தது.

பேர்கனில் செயின்ட் யோர்கன் என்ற பழைய வைத்தியசாலை 15 ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. அதை வைத்தியசாலை என்பதைவிட ஒதுக்கிடம் என்பதே பொருந்தும். சின்னஞ்சிறு அறைகளில் நோயாளர் அடைந்து கிடந்தனர். உள்ளே போனவர் அநேகமாகத் திரும்பி வருவதில்லை. வெளியே இருந்தவர்களின் நிலையும் மேலானதாக இல்லை. வறியவர்களை ஊரார் முறைவைத்துப் பராமரிக்கும் வழக்கம் இருந்ததால், கையிலும் முகத்திலும் புண்ணோடு நோயாளர் ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு மாறி மாறி அனுப்பப்பட்டனர்.

முதலில் பிரித்தறிதல்

ஹன்சனுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கியவர் டானியல் கொர்னேலியஸ் டானியல்சன். அவரும் கார்ல் வில்ஹெல்ம் போக் என்ற வைத்தியரும் சேர்ந்து 1847 இல் தொழுநோய் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டனர். அதுவரை சொறி, சிரங்கு, கரப்பான், மேகப்புண், தொழுநோய் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. எது தொழுநோய், எது அல்ல என்பதை உடற்கூறு பார்த்துப் பிரித்துக் காட்டியது அந்த நூல். தொழுநோயாளரின் உடலில் தடித்த பொருக்காகப் படரும் கடுமையான சொறி ஒன்றையும் அவர்கள் தனியாக விவரித்தனர். அதற்கு நோர்வே சொறி என்ற பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் உண்டு.

இது சின்ன விடயம் அல்ல. தோல் நோய்களுக்கான சேவை எதுவும் சரியாகப் பெயர் வைப்பதில்தான் தொடங்குகிறது. தேமலைக் குஷ்டம் என்று சொன்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை பாழாகும். குஷ்டத்தைத் தேமல் என்று விட்டால் அவளுடைய விரல்கள் போகும்.

1849 இல் பேர்கனில் லுங்ககோர்ட் என்ற புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஒதுக்கி வைப்பதற்காக அல்லாமல், ஆராய்ந்து குணப்படுத்த முயல்வதற்காக எழுந்த இடம் அது. டானியல்சன் அதன் தலைமை வைத்தியர். ஆனால் அவரிடம் ஒரு பெரிய பிழையான நம்பிக்கை இருந்தது. தொழுநோய் பரம்பரையாக வருவது என்று அவர் உறுதியாக நம்பினார். தொற்றாது என்று காட்டுவதற்காகத் தன் உடலிலேயே நோயாளரின் புண்ணிலிருந்து எடுத்ததை ஏற்றிப் பார்த்தார். அவருக்கு நோய் வரவில்லை. தொழுநோய் எளிதில் தொற்றும் நோய் அல்ல என்பதும், பெரும்பாலானோரின் உடலுக்கு அதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு என்பதும் பின்னாளில்தான் தெரியவந்தது.

ஒரு நாடு தன் நோயாளரை எண்ணியது

1856 இல் நோர்வே அரசு எடுத்த முடிவொன்று உலக சுகாதார வரலாற்றில் தனி இடம் பெற்றது. நாட்டிலுள்ள ஒவ்வொரு தொழுநோயாளரையும் பெயர் சொல்லிப் பதிவதற்கு ஒரு தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. ஒரு தனி நோய்க்காக முழு நாட்டையும் தழுவி வைக்கப்பட்ட முதல் நோயாளர் பதிவேடு அதுவே. மாவட்ட வைத்தியர்கள் ஒவ்வொரு வருடமும் புதிய நோயாளரின் பெயர், வயது, ஊர், நோய் தொடங்கிய காலம், நோயின் வகை, உறவினரில் வேறு யாருக்கும் நோய் உண்டா என்ற விபரங்களை எழுதி அனுப்பினர். யார் வைத்தியசாலைக்குப் போனார், யார் இடம்பெயர்ந்தார், யார் இறந்தார் என்பதும் தொடர்ந்து பதியப்பட்டது. நோய் இருந்த ஊர்களில் ஊரவர்களைக் கொண்ட சுகாதாரக் குழுக்களும் அமைக்கப்பட்டன.

கூடவே படுக்கைகளும் வந்தன. 1857 இல் பேர்கனில் ஒரு பராமரிப்பு இல்லம், 1861 இல் மோல்டேயிலும் துரொண்ட்ஹைமிலும் ஒவ்வொன்று. நோயாளர் எங்கே, எத்தனை பேர் என்று கணக்கு இருந்ததால், எந்தக் கரையில் எத்தனை படுக்கை வேண்டும் என்று தீர்மானிக்க முடிந்தது.

இந்தப் பதிவேட்டை ஹன்சன் தொடங்கவில்லை. ஆனால் அதைக் கேள்வி கேட்டுப் படித்தவர் அவர். பரம்பரை நோயென்றால் சில குடும்பங்களுக்குள்ளேயே அது சுற்ற வேண்டும். ஊர் ஊராகப் போய் விசாரித்தபோது அவர் கண்டது வேறு. இரத்த உறவே இல்லாமல் ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் இருந்தவர்களுக்கும் நோய் வந்திருந்தது. நோயாளர் அதிகமாக வைத்தியசாலைக்குப் போன மாவட்டங்களில் புதிய நோயாளர் தொகை வேகமாகக் குறைந்திருந்தது. நோயாளர் வீட்டிலேயே தங்கிய இடங்களில் அந்த வேகம் இல்லை. அப்படியென்றால் ஏதோ ஒன்று ஆளிலிருந்து ஆளுக்குப் போகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

1873 பெப்ரவரி

அந்த ஏதோ ஒன்றைத் தேடி அவர் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். 1870 இல் ஜெர்மனிக்கும் பின்னர் வியன்னாவுக்கும் போய் நுண்ணோக்கி வேலையில் கைதேர்ந்து வந்திருந்தார். அந்தப் பயணத்தில்தான் டார்வினின் கருத்துகளும் அவருக்கு அறிமுகமாகின. அவை அவரது உலகப் பார்வையையே மாற்றின.

1873 பெப்ரவரி 28 அன்று, ஒரு நோயாளியின் தோல் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கில் கோல் வடிவிலான நுண்ணுயிர்களைக் கண்டார். சாயமேற்றும் நல்ல முறைகள் அப்போது அவரிடம் இல்லை. அடுத்த வருடம் தன் அவதானிப்பை வெளியிட்டபோது மிகவும் எச்சரிக்கையாகவே எழுதினார். கொக் காசநோய்க் கிருமியை அறிவிப்பதற்கு எட்டு வருடங்களுக்கு முந்திய காலம் அது. நீண்டகால மனித நோயொன்றுக்குப் பக்ரீரியாதான் காரணம் என்று சொல்வதே துணிச்சலான வேலை.

அதே வருடம் அவர் வீட்டில் இன்பமும் துன்பமும் ஒன்றாக வந்தன. டானியல்சனின் மகளை ஹன்சன் மணந்தார். சில மாதங்களுக்குள் அவர் காசநோயால் இறந்துபோனார். மாமனாரின் கொள்கையைத் தன் கண்டுபிடிப்பால் உடைத்த மருமகன் அவர். ஆனாலும் இருவருக்குமிடையே உறவு முறியவில்லை. கருத்தில் எதிரெதிராக நின்றபடியே ஒரே வைத்தியத் துறையில் தொடர்ந்து வேலை செய்தனர். 1875 இல் ஹன்சன் மறுமணம் செய்தார். அதே வருடம் நாடு முழுவதற்குமான தொழுநோய்த் தலைமை வைத்திய அதிகாரியானார்.

1879 இல் ஆல்பர்ட் நைசர் என்ற இளம் ஜெர்மானிய வைத்தியர் பேர்கனுக்கு வந்தார். ஹன்சன் தன் மாதிரிகளை அவருக்குத் தாராளமாகக் கொடுத்தார். நைசர் ஊருக்குத் திரும்பி அவற்றுக்கு வெற்றிகரமாகச் சாயமேற்றி, கிருமியைத் தானே கண்டதாக வெளியிட்டார். முதலில் கண்டவர் யார் என்ற சர்ச்சை சில காலம் நீடித்தது. கடைசியில் அந்த உரிமை ஹன்சனுக்கே என்று உலகம் ஏற்றுக்கொண்டது.

காரி என்ற நோயாளி

கிருமியைக் கண்டதோடு ஹன்சனுக்குத் திருப்தி வரவில்லை. அது நோயை உண்டாக்குகிறது என்று நிரூபிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அதை வளர்க்க முடியவில்லை. முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தும் பயனில்லை. அந்தக் கிருமி செயற்கை ஊடகத்தில் இன்றுவரை வளர மறுக்கிறது.

1879 நவம்பரில் அவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். பேர்கன் பராமரிப்பு இல்லத்தில் இருந்த காரி நீல்ஸ்டாத்தர் என்ற பெண்ணின் கண்ணில், வேறொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததைக் கூரிய கருவியால் குத்தி ஏற்றினார். காரிக்கு இருந்தது உணர்விழப்பு வகைத் தொழுநோய். கட்டி வகை அவருக்கு வருகிறதா என்று பார்ப்பதே நோக்கம். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லவும் இல்லை.

காரி பேசாமல் இருந்துவிடவில்லை. இல்லத்தின் குருவானவரிடம் முறையிட்டார். விடயம் நீதிமன்றம் வரை போனது. 1880 மே மாதத் தீர்ப்பில் ஹன்சன் குற்றவாளி எனக் காணப்பட்டு, பேர்கன் வைத்தியசாலையில் இருந்த வைத்தியர் பதவியை இழந்தார். நாட்டின் தலைமை வைத்திய அதிகாரி பதவி மட்டும் அவரிடம் விடப்பட்டது.

அன்றைய ஐரோப்பாவில் பெரிய வைத்தியர்கள் பலர் வறிய நோயாளர் மேல் இப்படிப் பரிசோதனை செய்துகொண்டுதான் இருந்தனர். கேட்பாரில்லை. நோர்வேயில் கேட்டார்கள். கையில் பணமும் பின்னால் ஆளும் இல்லாத ஒரு நோயாளிப் பெண்ணின் முறைப்பாட்டை ஒரு நீதிமன்றம், நாடறிந்த விஞ்ஞானிக்கு எதிராக ஏற்றுக்கொண்டது. நோயாளியின் சம்மதம் பற்றிய வரலாற்றில் இந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது. ஹன்சனின் வாழ்க்கையை எழுதுவோர் காரியை விட்டுவிட்டு எழுதினால் அது பாதிக் கதை.

சட்டமும் அதன் விலையும்

வைத்தியசாலைப் படுக்கையருகே இருந்து அகற்றப்பட்ட ஹன்சன், நாடு தழுவிய திட்டமிடலில் முழுமூச்சாக இறங்கினார். 1877 இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. வறிய தொழுநோயாளரைப் பண்ணைக்குப் பண்ணை மாற்றி அனுப்பும் வழக்கத்தை அது நிறுத்தியது. 1885 சட்டம் இன்னும் முன்னே போனது. நோயாளிக்கு வீட்டில் தனி அறை, தனிப் படுக்கை, தனிப் பாத்திரம் இருக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மறுத்தால் சுகாதாரக் குழு கட்டாயப்படுத்தலாம்.

இது அன்றே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நோயுற்றவர் குற்றவாளியா என்று கேட்டவர்கள் இருந்தனர். அறை உள்ளவர் வீட்டிலிருக்கலாம், இல்லாதவர் போக வேண்டும் என்றால் அந்தச் சட்டத்தின் பாரம் ஏழையின் தலையில்தான் விழும். பிள்ளைகளை விட்டுப் போன தாய்மாரின் கண்ணீரை எந்தப் பதிவேடும் எண்ணவில்லை.

ஆனால் நோய் குறைந்தது. 1850களில் சுமார் 2,800 ஆக இருந்த நோயாளர் தொகை, 20 ஆம் நூற்றாண்டு பிறந்தபோது 600 இற்கும் கீழே வந்தது. தனிமைப்படுத்தல் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. வீடுகள் நல்லவையாயின, சாப்பாடு மேம்பட்டது, நெருக்கம் குறைந்தது. எல்லாம் சேர்ந்தே நோயை விரட்டின. அப்போது மருந்தே இருக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். பயன்தரும் மருந்து 1940களில்தான் வந்தது.

1897 இல் பெர்லினில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழுநோய் மாநாடு நோர்வேயின் வழியை உலகுக்குப் பரிந்துரைத்தது. 1901 இல் இலங்கையிலும் தொழுநோயாளருக்கான கட்டளைச் சட்டம் வந்தது. மட்டக்களப்பு வாவி நடுவே மாந்தீவில் இருந்த தொழுநோய் வைத்தியசாலையை எங்கள் பழைய தலைமுறை அறியும். நோர்வேயில் பதிவேடு, ஊர்க்குழு, வீட்டிலேயே இருக்கும் தெரிவு, நோயாளி முறையிட நீதிமன்றம் எல்லாம் சேர்ந்திருந்தன. குடியேற்ற நாடுகள் பலவற்றில் ஒதுக்கி வைப்பது மட்டுமே போய்ச் சேர்ந்தது. தீவும் மதிலும்தான் மக்கள் நினைவில் தங்கின.

கடல் கடந்தவர்களைத் தேடி

ஹன்சனின் வாழ்க்கையில் புலம்பெயர்ந்த எங்களுக்கு மிக நெருக்கமான பக்கம் 1888 இல் வருகிறது. 19 ஆம் நூற்றாண்டில் வறுமை தாங்காமல் இலட்சக்கணக்கான நோர்வேஜியர் அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் தொழுநோயாளரும் சிலர் இருந்தனர். வந்தேறிகள் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்ற அச்சம் அங்கே இருந்தது. வேறு நாடுகளில் எங்கள் காதிலும் விழுந்திருக்கக்கூடிய பேச்சுத்தான்.

ஹன்சன் கப்பலேறினார். நோர்வேஜியர் அதிகம் குடியேறிய மினசோட்டா, விஸ்கொன்சின், டகோட்டா பகுதிகளில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். பேர்கன் பதிவேட்டில் இருந்த பெயர்கள் அவருக்கு வழிகாட்டின. நோயோடு போனவர்களில் சிலர் உயிரோடு இருந்தனர். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ நோயை அவர் காணவில்லை. பரம்பரை நோயென்றால் அவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். விசாலமான வீடு, தனிப் படுக்கை, போதிய சாப்பாடு கிடைத்த இடத்தில் நோய் அடுத்த தலைமுறைக்குத் தாவவில்லை. நோய் இரத்தத்தில் இல்லை, வாழும் நிலைமையில் இருக்கிறது என்பதற்கு அவருக்குக் கிடைத்த வலுவான சான்றுகளில் இதுவும் ஒன்று.

கடைசிப் பயணம்

பிற்காலத்தில் பெருமைகள் தேடி வந்தன. பேர்கன் அருங்காட்சியகத்தின் தலைவரானார். 1901 இல் அதன் தோட்டத்தில், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்குச் சிலை வைத்தார்கள். 1909 இல் இரண்டாவது சர்வதேச மாநாடு பேர்கனிலேயே அவர் தலைமையில் நடந்தது. இதயம் பலவீனப்பட்டபோதும் மாவட்டங்களைப் பார்வையிடப் போவதை அவர் நிறுத்தவில்லை. அப்படியான ஒரு பயணத்தில், 1912 பெப்ரவரி 12 அன்று, ஃபுளோரோ என்ற கரையோர ஊரில் காலமானார்.

செயின்ட் யோர்கனின் கடைசி இரு நோயாளர் 1946 இல் இறந்தனர். அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். பேர்கன் தொழுநோய் ஆவணங்கள் 2001 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. பேர்கனில் வாழும் எம்மவர் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய இடம் அது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இன்று தொழுநோய் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையால் முற்றாகக் குணமாகும். புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் அன்றாடம் தொல்லை தருவது வேறு தோல் நோய்கள். குளிரும் வரண்ட காற்றும் சேர்ந்து பிள்ளைகளின் முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் எக்ஸிமாவைக் கிளறிவிடுகின்றன. இரவு முழுக்கச் சொறிந்து நித்திரையில்லாமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு. எக்ஸிமா தொற்றாது. ஆனாலும் கல்யாணப் பேச்சு கெடும், ஊர் கதைக்கும் என்று அதை மறைக்கும் வழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை.

மறைப்பதால் இரட்டை நட்டம். பிள்ளைக்கு வைத்தியம் பிந்துகிறது. சுகாதார சேவையின் கணக்கிலும் எங்கள் பிள்ளை இல்லாமல் போகிறது. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் எக்ஸிமா, எங்கள் தோலில் கருமையாகவோ ஊதா கலந்த சாம்பல் நிறமாகவோ தெரியும். அதைக் கண்டு பழகாத வைத்தியர் அதன் கடுமையைக் குறைத்து மதிப்பிடலாம். நாங்கள் போகாவிட்டால் அவர்கள் எப்படிப் பழகுவது? எத்தனை பேருக்கு நோய் என்று தெரியாத இடத்தில் எத்தனை தோல் வைத்தியர், எத்தனை தாதியர், எந்த மொழியில் விளக்கத்தாள் வேண்டும் என்று யார் திட்டமிடுவது?

ஆகவே குடும்ப வைத்தியரிடம் போங்கள். எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, இரவில் எத்தனை தடவை பிள்ளை எழும்புகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சம்மதம் கேட்காமல் எதையும் செய்தால், காரி செய்ததைப் போல, கேள்வி கேளுங்கள். மேற்கு நோர்வேயின் ஏழைக் கிராமங்கள் தங்கள் நோயாளரை மறைக்காமல் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்த நாளிலிருந்துதான் அந்த நோய் பின்வாங்கத் தொடங்கியது.